அஞ்சலும் தொலைத்தொடர்பும்: ஏகபோகம் நீங்கியபின் எஞ்சும் கடமை

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கும் கோட்டைக் கொச்சிக்கும் இடையே இன்று எல்லைக்கோடு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பஜார் சாலை வழியே நடந்து செல்பவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தம்மையறியாமலேயே சென்று சேர்ந்துவிடுவார். ஆனால், நாடு விடுதலை பெற்ற நாளில் இவ்விரு பகுதிகளும் இருவேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் அரசைச் சேர்ந்தது. ஆட்சி இரண்டாக இருந்ததால் அஞ்சலும் இரண்டாக இருந்தது.

பிரிட்டிஷ் இந்திய அஞ்சல் துறையைத் தவிர, கொச்சி அரசு தனக்கென ஓர் அஞ்சல் அமைப்பை நடத்தி வந்தது. அதன் பெயரே 'அஞ்சல்' என்பதுதான். மணி கட்டிய கோலை ஒலித்துக்கொண்டு பையைச் சுமந்தோடும் அஞ்சலோட்டக்காரர்கள் அந்த அமைப்பின் அடையாளமாக விளங்கினர். 1892-ஆம் ஆண்டு 'புத்தன்' என்னும் உள்ளூர் நாணய மதிப்பில் கொச்சி அரசு தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது. அண்டைய திருவிதாங்கூர் அரசு 1888-லேயே சொந்தத் தபால்தலைகளை வெளியிட்டிருந்தது. கொச்சித் தலையை ஒட்டிய கடிதம் மட்டாஞ்சேரியிலிருந்து திருச்சூருக்குச் செல்லும். பம்பாய்க்கோ சென்னைக்கோ எழுத வேண்டுமாயின் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலை தேவை. கூப்பிடு தொலைவில் இருந்த கோட்டைக் கொச்சியும் தபால்தலைக் கணக்கில் வேற்று நாடாகவே இருந்தது.

அரசியலமைப்பு, அஞ்சல், தந்தி, தொலைபேசி ஆகியவற்றை மத்தியப் பட்டியலின் 31-ஆவது இனத்தில் சேர்த்தது. அதன்படி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் அஞ்சல் அமைப்பு 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய அஞ்சல் தந்தித் துறையுடன் இணைக்கப்பட்டது. நிலையங்களும் பணியாளர்களும் ஒரே குடையின்கீழ் வந்தனர். நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம், ஒரே சட்டம் என்ற நிலை மட்டாஞ்சேரிக்கும் உரியதாயிற்று. கடிதம் எவ்வளவு தொலைவு சென்றாலும் ஒரே கட்டணம் என்னும் இக்கொள்கை, அரசு குடிமக்களுக்கு அளித்த ஒரு சமூக உறுதிமொழியாகும். அண்மை ஆண்டுகளின் சட்டச் சீர்திருத்தங்களுக்குப் பின்னர் அந்த உறுதிமொழியை யார், எந்தப் பணத்தைக் கொண்டு காப்பாற்றுவது என்பதே நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

பழைய சட்டங்களின் அடித்தளம்

நமது செய்தித் தொடர்பு அமைப்பு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இரு சட்டங்களின்மீது நின்றது. ஒன்று, 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். மற்றொன்று, 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் நிலையச் சட்டம். இவ்விரண்டின் நான்காம் பிரிவும் ஏறத்தாழ ஒரே செய்தியைக் கூறின. தந்தி அமைப்பை நிறுவி நடத்தும் தனி உரிமையும், கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் தனி உரிமையும் அரசுக்கே உரியவை என்பதே அது. தந்திச் சட்டம், பிறருக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது. அஞ்சல் சட்டம் சில விலக்குகளை மட்டும் அனுமதித்தது. பயணம் செல்லும் நண்பர் கூலியின்றிக் கொண்டு செல்லும் கடிதம், சரக்குடன் அதைப் பற்றி அனுப்பப்படும் கடிதம் போன்றவை அவ்விலக்குகளில் அடங்கும். தனி உரிமையை மீறுவோர்க்குக் கடிதம் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டம் இடமளித்தது.

இந்த ஏகபோகத்தின் பொருளாதார நியாயத்தை மாணவர்கள் தெளிவாக உணர வேண்டும். மட்டாஞ்சேரி போன்ற வணிக மையத்தில் ஒரு தெருவிலேயே நூறு கடிதங்கள் சேரும். கடிதம் ஒன்றுக்கு ஆகும் செலவு குறைவு. மலைக் கிராமத்திலோ தீவிலோ ஒரே கடிதத்துக்காக அஞ்சல்காரர் நெடுந்தொலைவு செல்ல நேரிடும், செலவு மிகுதி. இரண்டுக்கும் ஒரே கட்டணம் வாங்கினால் முதல் இடத்தில் உபரியும் இரண்டாம் இடத்தில் பற்றாக்குறையும் தோன்றும். உபரியைக் கொண்டு பற்றாக்குறையை ஈடு செய்வதைக் குறுக்கு மானியம் என்பர். தனியாரை அனுமதித்தால் அவர்கள் உபரி உள்ள தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு, இழப்புள்ள கிராமத்தை அரசுக்கு விட்டுவிடுவர். எனவே, ஏகபோகம் என்பது அரசுக்கு அளிக்கப்பட்ட சலுகை மட்டுமன்று. கடமையை நிறைவேற்றுவதற்கான நிதி வழியுமாகும். ஆயினும், அந்தக் கடமை சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. உரிமை எழுத்தில் இருந்தது. கடமை மரபில் இருந்தது.

இந்த மரபு வீண்போகவில்லை. 1947-இல் நாட்டில் இருந்த அஞ்சல் நிலையங்கள் 23,344. இன்று அவற்றின் எண்ணிக்கை 1,64,000-க்கும் மேல். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு கிராமப்புறத்தில் அமைந்துள்ளன. உலகின் மிகப் பெரிய அஞ்சல் வலையமைப்பு என்ற பெருமைக்கு இதுவே காரணம்.

ஒரு துறை இரண்டானது

அஞ்சலும் தந்தியும் 1914-இல் ஒரே தலைமை இயக்குநரின்கீழ் ஒன்றாக்கப்பட்டன. எழுபது ஆண்டுகள் நீடித்த அந்த ஏற்பாடு 1985-ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவுக்கு வந்தது; அஞ்சல் துறை, தொலைத்தொடர்புத் துறை என இரு துறைகள் பிறந்தன. இதற்குரிய காரணம் தொழில்நுட்பத்தில் இருந்தது. அஞ்சல் பெரிதும் மனித உழைப்பைச் சார்ந்த பணி. தொலைபேசியோ மூலதனத்தைச் சார்ந்தது. இயந்திரங்கள் விரைவாக மாறிவருவது. முதலீடு செய்தால் பெருகக்கூடியது. இரண்டையும் ஒரே வரவுசெலவுக் கணக்கில் வைத்தால் இரண்டுக்கும் திட்டமிடுவது கடினம் என்ற எண்ணம் அக்காலத்தில் உலகெங்கும் வலுப்பெற்றிருந்தது. பிரிட்டன் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொலைத்தொடர்பை அஞ்சலிலிருந்து பிரித்தது. நமது அண்டை நாடான இலங்கை 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தன் தொலைத்தொடர்புத் துறையை நிறுவனமாக்கியது. ஜெர்மனி 1989-இல் தன் அஞ்சல் துறையை மூன்றாகப் பகுத்தது.

நமது நாட்டில் 1986-ஆம் ஆண்டு ஏப்ரலில் டில்லி, பம்பாய் தொலைபேசிகளுக்காக மகாநகர் டெலிபோன் நிகமும், வெளிநாட்டுத் தொடர்புகளுக்காக விதேஷ் சஞ்சார் நிகமும் தோற்றுவிக்கப்பட்டன. 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. அப்போது ஒரு முரண்பாடு வெளிப்பட்டது. உரிமம் வழங்குவதும், விதிகளை வகுப்பதும், சேவையை நடத்திப் போட்டியிடுவதும் ஒரே அரசுத் துறையாக இருந்தால், பந்தய ஓட்டக்காரரே நடுவராகவும் நிற்பது போலாகும். இதை நீக்கவே 1997-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சட்டத்தின்வழி அமைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயத்தை உண்டாக்கியது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பணிகள் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இதன் விளைவுகளை இருபுறமும் காண வேண்டும். 1991-இல் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லை. இன்று இணைப்புகள் 110 கோடிக்கும் மேல். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த மட்டாஞ்சேரி மிளகு வணிகருக்கு இம்மாற்றத்தின் அருமை நன்கு தெரியும். 1957-இல் இங்கே மிளகு முன்பேர வணிகம் தொடங்கிய காலத்தில் வெளியூர் விலைநிலவரம் தந்தியிலும் டிரங்க் காலிலும்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது. மறுபுறம், அரசு நிறுவனம் கடும் போட்டியில் நலிவுற்றது. 2019-ஆம் ஆண்டின் விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏறத்தாழ 78,500 ஊழியர்கள் ஏற்றனர். 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மும்முறை மீட்புத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின் மதிப்பு மட்டும் 1.64 லட்சம் கோடி ரூபாய். துறையை நிறுவனமாக்கிவிட்டால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு என்பதை இது காட்டுகிறது.

ஒரே நாளில் ஒப்புதல் பெற்ற இரு சட்டங்கள்

1985-இல் பிரிந்த இரு துறைகளுக்கும் புதிய சட்டங்கள் ஒரே நாளில் அமைந்தன. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அஞ்சல் நிலையச் சட்டம், தொலைத்தொடர்புச் சட்டம் ஆகிய இரண்டும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றன. முன்னது 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னது அதே ஆண்டு ஜூன் 26 முதல் பகுதி பகுதியாக நடைமுறைப்படுத்தப்பட்டது.

அஞ்சல் சட்டத்தில் மிக முக்கியமான மாற்றம், அதில் இல்லாத ஒன்றாகும். கடிதங்களைக் கொண்டு செல்லும் தனி உரிமை இப்போது அரசுக்கு இல்லை. தபால்தலை வெளியிடும் தனி உரிமை மட்டுமே எஞ்சியுள்ளது. கூரியர் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகவே கடிதத்தை 'ஆவணம்' என்று பெயரிட்டுக் கொண்டு சென்றுகொண்டிருந்தன. ஆகவே, நடைமுறையில் என்றோ தளர்ந்துவிட்ட உரிமையைச் சட்டமும் கைவிட்டது எனலாம். சேவைகளையும் கட்டணங்களையும் வகுப்பதில் துறைக்கு இப்போது கூடுதல் சுதந்திரம் கிடைத்துள்ளது. முகவரித் தரங்களையும் அஞ்சல் குறியீடுகளையும் வகுக்கும் அதிகாரத்தைச் சட்டம் மத்திய அரசுக்கு வழங்குகிறது. அஞ்சல் துறை நிறுவனமாக்கப்படவில்லை. அரசுத் துறையாகவே தொடர்கிறது. தனியார் கூரியர்களை ஒழுங்குபடுத்த ஆணையம் எதையும் இச்சட்டம் அமைக்கவில்லை.

தொலைத்தொடர்புச் சட்டம் பழைய உரிம முறைக்குப் பதிலாக 'அங்கீகார' முறையைக் கொண்டுவந்தது. அலைக்கற்றையைப் பொதுவாக ஏலத்தின் மூலமும், அட்டவணையில் குறிப்பிட்ட பணிகளுக்கு நேரடி ஒதுக்கீட்டின் மூலமும் வழங்க வகை செய்தது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பு இங்கு நினைவுகூரத்தக்கது.

கவரத்தி காட்டும் வேறுபாடு

இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாட்டைக் கொச்சியிலிருந்தே காண இயலும். மட்டாஞ்சேரியின் அஞ்சல் குறியீடு 682002. லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியின் குறியீடு 682555. முதல் மூன்று இலக்கங்கள் ஒன்றே. நடுவில் நானூறு கிலோமீட்டர் கடல் இருந்தும், அஞ்சல் கணக்கில் இரண்டும் ஒரே வட்டாரம்.

தொலைத்தொடர்பில் இத்தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்தன. அதன் கொள்ளளவு தேவைக்குப் போதவில்லை. கொச்சியிலிருந்து கவரத்திக்கும் மேலும் பத்துத் தீவுகளுக்கும் கடலடியில் கண்ணாடி இழை வடம் இட 2020-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,868 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் 2024 ஜனவரி 3-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மதிப்பீடு 1,072 கோடி ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவின் மக்கள்தொகை 64,473. வணிக நோக்கில் மட்டும் சிந்திக்கும் எந்த நிறுவனமும் இந்த முதலீட்டைச் செய்திருக்காது என்பது வெள்ளிடைமலை.

அவ்வாறாயின், பணம் எங்கிருந்து வந்தது? அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியிலிருந்து வந்தது. 2002 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இந்நிதிக்கு, 2003-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத் திருத்தம் சட்ட வலிமை அளித்தது. தொலைபேசி நிறுவனங்கள் தம் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் ஐந்து விழுக்காட்டை இதற்காகச் செலுத்துகின்றன. அதாவது, ஏகபோகம் நீங்கியபோது குறுக்கு மானியமும் நீங்கியது. ஆனால் அதன் இடத்தில் வெளிப்படையான ஒரு நிதியைச் சட்டம் வைத்தது. கொச்சியில் பேசுபவர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி கவரத்திக்குச் செல்கிறது. அது கணக்கிலும் தெரிகிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிதியை 'டிஜிட்டல் பாரத் நிதி' என்ற பெயரில் தொடர்கிறது. திரண்ட தொகை முழுவதும் உரிய காலத்தில் செலவிடப்படவில்லை என்ற குறை எழுந்ததுண்டு. எனினும், அமைப்பின் கொள்கை சரியானது என்பதை மறுப்பதற்கில்லை.

அதே கவரத்திக்குச் செல்லும் கடிதத்தின் நிலை என்ன? அதற்கும் செலவு மிகுதி. அதற்கும் கட்டணம் எல்லோருக்கும் உள்ளதே. ஆனால், அதைத் தாங்க நிதியம் இல்லை. ஐம்பது காசுக்கு விற்கப்பட்ட அஞ்சலட்டையைக் கொண்டு சேர்க்கும் செலவு அதைப்போல் பன்மடங்கு. இழப்பு முழுவதும் துறையின் பற்றாக்குறையாகத் திரண்டு, ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஈடு செய்யப்படுகிறது. லாபமுள்ள தெருவில் கூரியர் நிறுவனங்கள் தடையின்றிப் போட்டியிடலாம். இழப்புள்ள தீவுக்கு அவை எதுவும் செலுத்த வேண்டியதில்லை. இந்தப் பற்றாக்குறையைத் திறமையின்மை என்று மட்டும் படிப்பவர், அதனுள் அடங்கிய சமூகச் சேவையின் விலையைக் காணத் தவறுகிறார். அதே வேளையில், எது சேவையின் விலை, எது திறமைக் குறைவின் விலை என்று பிரித்துக் காட்டாத கணக்கு முறையும் துறைக்கு நன்மை பயக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அஞ்சல் ஏகபோகத்தைப் படிப்படியாக நீக்கியபோது வேறொரு வழியைப் பின்பற்றின. 1997-ஆம் ஆண்டு நெறிமுறை, வாரத்தில் குறைந்தது ஐந்து வேலை நாள்கள் கடிதம் திரட்டப்பட்டு வழங்கப்பட வேண்டும் என்று கடமையை முதலில் எழுத்தில் வைத்தது. உரிமை பின்னரே விலக்கிக்கொள்ளப்பட்டது.

கடிதத்தின் அந்தரங்கமும் துறையின் பொறுப்பும்

செய்தியைத் தடுத்துப் படிக்கும் அதிகாரம் இரு பழைய சட்டங்களிலும் இருந்தது. 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் சட்டத் திருத்தம் இவ்வதிகாரத்தை விரிவாக்க முயன்றது. குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் ஒப்புதல் அளிக்காததால் அது சட்டமாகவில்லை. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, யார் ஆணையிடலாம், எவ்வளவு காலத்துக்கு, யார் மறு ஆய்வு செய்வது என்ற பாதுகாப்புகளை வகுத்தது. அவை பின்னர் விதிகளில் இடம்பெற்றன. புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழும் 2024-இல் விதிகள் வெளியாயின. அஞ்சல் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகப் பொருள்களை இடைமறிக்க இடமளிக்கிறது. ஆனால், இவ்வகை நடைமுறைப் பாதுகாப்புகள் சட்டத்திலேயே வகுக்கப்படவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்த பின்னர், கடிதத்துக்குத் தொலைபேசியைவிடக் குறைந்த பாதுகாப்பு போதும் என்று வாதிட இயலாது.

அதேபோல், சேவையில் நேரும் இழப்புக்கு விதிகளில் குறிப்பிட்ட அளவு தவிர அஞ்சல் நிலையம் பொறுப்பாகாது என்பது பத்தாம் பிரிவு. கடமையை மட்டும் சுமந்த பழைய துறைக்கு இவ்விலக்கு பொருந்தியிருக்கலாம். போட்டிச் சந்தையில் பொதிகளையும் பார்சல்களையும் கூரியர்களுக்கு இணையாகக் கையாள விரும்பும் துறை, வாடிக்கையாளருக்கு அளிக்கும் ஈட்டுறுதியிலும் இணையாக நிற்பதே முறை.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அனைவருக்குமான அஞ்சல் சேவை என்றால் என்ன என்பதைச் சட்டத்திலோ விதிகளிலோ வரையறுக்க வேண்டும். ஒரு நிலையம் எத்தனை தொலைவுக்குள் இருக்க வேண்டும், வாரத்தில் எத்தனை நாள் வழங்கல் நடைபெற வேண்டும், எந்தச் சேவைகளுக்குச் சீரான கட்டணம் பொருந்தும் என்பன அதில் தெளிவாதல் வேண்டும். இரண்டாவதாக, அச்சேவையின் செலவைத் தனிக் கணக்கில் காட்டி, வரவுசெலவுத் திட்டத்திலிருந்தோ தொலைத்தொடர்பைப்போல் ஒரு நிதியத்திலிருந்தோ ஈடு செய்ய வேண்டும். மூன்றாவதாக, இடைமறிப்புக்கான பாதுகாப்புகள் கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் ஒத்திருத்தல் வேண்டும்.

பழைய ஏகபோகத்தை மீட்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. 1898-ஆம் ஆண்டின் சட்டம் அஞ்சலோட்டக்காரர் காலத்துக்கு உரியது. அதை மாற்றியது காலத்தின் தேவை. 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சல் வங்கிச் சேவை போன்ற புதிய பணிகள், கிராம அஞ்சல் நிலையத்துக்கு வருவாயும் பயனும் தரும் வழிகளைக் காட்டியுள்ளன. ஆயினும், மரபாக இருந்த கடமையை எழுத்தில் கொண்டுவராமல், அதைத் தாங்கிய உரிமையை மட்டும் நீக்குவது அரைகுறைச் சீர்திருத்தமாகும்.

மட்டாஞ்சேரியையும் கோட்டைக் கொச்சியையும் அஞ்சல் கணக்கில் ஒன்றாக்க 1951-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒற்றுமை கட்டணப் பட்டியலில் மட்டும் அமைந்ததன்று. கடைசி வீட்டுக்கும் கடிதம் சேரும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. 682 என்று தொடங்கும் குறியீட்டில் மட்டாஞ்சேரியும் கவரத்தியும் என்றும் ஒன்றாக இருக்க வேண்டுமாயின், அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஓரிடமும் வரவுசெலவுக் கணக்கில் ஒரு தலைப்பும் தேவை.